முதல் காதல் இரண்டாம் முறையும் முறிந்த பிறகு

படித்த காலத்துக் காதலை நாற்பது வயதில் மறுபடி கண்டுபிடித்து, ஆறு மாதமோ இரண்டு வருடமோ பழகி, அதுவும் கைநழுவிப் போனவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: "அவரோடயே ஒத்து வரலன்னா இனி யாரோட ஒத்து வரப் போகுது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகத்திலேயே நமக்கு நன்றாகத் தெரிந்தவர் அவர்தான் என்ற தப்புக்கணக்கு இதற்குள் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது பத்தொன்பது வயதில் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஆளை. வீட்டுக் கடன், சர்க்கரை மாத்திரை, பதினைந்து வயதுப் பிள்ளை, முதல் கல்யாணத்தில் பட்ட காயம் எல்லாவற்றோடும் திரும்பி வந்தவர் வேறு ஆள். புதிதாகப் பார்க்கிற எவரிடமும் கேட்கிற கேள்விகளில் ஒன்றைக்கூட அவரிடம் கேட்கவில்லை. "நமக்குள்ள என்ன விசாரணை" என்று விட்டுவிட்டோம். அடுத்து வருபவரோடு வாழ்க்கை அமைவதும் அமையாததும் விட்டுப்போன அந்த விசாரிப்பைச் செய்வதில்தான் இருக்கிறது.

முதல் காதலர்கள் மறுபடி சேர்ந்தால் பிரியவே மாட்டார்கள் என்பதற்கு ஓர் ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாக்ரமெண்டோ வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த நான்சி காலிஷ் 1993-ல் தொடங்கியது. பிரிந்து மறுபடி சேர்ந்த ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டதில் பத்தில் ஏழு பேருக்குமேல் இன்னமும் சேர்ந்தே இருந்தார்கள். எண்ணில் தப்பில்லை, அது யாருடைய எண் என்று பார்க்க வேண்டும். அவர்கள் தாமாக முன்வந்து பதில் எழுதியவர்கள். சின்ன வயதில் பெற்றோர் எதிர்த்ததால் பிரிந்தவர்கள் அதில் நிறைய. மறுபடி தேடிப் போனபோது பலரும் தனியாக இருந்தவர்கள். இணையம் பரவிய பிறகு காலிஷே மறுபடி விசாரித்தபோது படம் மாறிவிட்டது. குடும்பத்தோடு இருந்துகொண்டே, எந்தத் திட்டமும் இல்லாமல் ஒரு 'ஹலோ'வில் தொடங்கி மாட்டிக்கொண்டவர்கள் பெருகியிருந்தார்கள், நல்லபடி முடிந்தவை குறைந்திருந்தன. நம் ஊரில் பேட்ச் குரூப் வழியாக நடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

உடைகிற இடங்கள் அநேகமாக நாலைந்துதான். இரண்டு பேரில் ஒருவருக்கு முந்தைய கல்யாணம் சட்டப்படி முடிந்திருக்காது. "பேச்சு வார்த்தை போயிட்டிருக்கு" என்றே ஒரு வருடம் ஓடும். அல்லது உறவு முழுக்க ரகசியமாகவே இருக்கும், ஒரு நாள்கூட நாலு பேர் முன்னால் சேர்ந்து நின்றிருக்க மாட்டார்கள். அல்லது பணம் கைமாறியிருக்கும். இதெல்லாம் இல்லாத இடத்திலும் உடைகிறது என்றால் காரணம் ஒன்றுதான்: இரண்டு பேரும் பேசியது முழுக்கப் பழைய கதை.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. முறிவதற்கு முந்தைய இரண்டு வாரத்து சாட்டைத் திறந்து, ஒவ்வொரு நீளப் பேச்சும் எதைப் பற்றியது என்று மட்டும் பார்க்க வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு, "லேப் படிக்கட்டுல அந்த மழை நாள் ஞாபகம் இருக்கா" என்ற ஒரு வரிக்கு நாற்பது மெசேஜ் போயிருக்கும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், "நாளைக்கு அம்மாவுக்கு ஸ்கேன், பயமா இருக்கு" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதற்கு வந்த பதில் ஒரு கும்பிடு எமோஜி, கூடவே "எல்லாம் சரியாயிடும்மா". அடுத்த நாள் ஸ்கேன் என்னாயிற்று என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதைப் பார்த்தவர்களுக்கு, ஏன் உடைந்தது என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். தினம் திறந்து பார்ப்பது புண்ணைச் சொறிகிற வேலை.

அடுத்து, கணக்கை முடிப்பது. முதல் தடவை பிரிந்தபோது முடிக்க எதுவும் இல்லை, கடிதத்தைக் கிழித்துப் போட்டால் முடிந்தது. இந்தத் தடவை ஃபோன், பணம், படம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். வாட்ஸாப்பில் பிளாக் செய்தாலும் பொதுவான குரூப்பில் அவர் எழுதுவது உங்களுக்கும் நீங்கள் எழுதுவது அவருக்கும் தெரியும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே குரூப்பிலிருந்து வெளியே வருவதா, மியூட் செய்து ஆர்க்கைவில் போடுவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். வெளியே வருவதுதான் நல்லது. 'யார் வெளியேறினார்கள்' என்பது இப்போது அட்மினுக்கு மட்டும்தான் போகிறது, கூட்டத்துக்கு நடுவில் எழுந்து போவது மாதிரி இருக்காது. நெருங்கிய நாலு தோழிகளோடு தனிக் குரூப் வைத்துக்கொண்டால் நட்பும் போகாது.

அதே உட்காரலில் இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம். வாட்ஸாப் செட்டிங்ஸில் லிங்க்ட் டிவைசஸ் பட்டியலில் உங்களுடையது அல்லாத கம்ப்யூட்டர் எதுவும் இருக்கிறதா? கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் ஓடிக்கொண்டிருக்கிறதா? கூகுள் ஃபோட்டோஸில் 'மெமரீஸ்' பகுதியில் ஒருவருடைய முகத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, ஃபேஸ்புக்கிலும் உண்டு. இதைச் செய்யாமல் விட்டால், மனம் கொஞ்சம் ஆறி வருகிற நேரம் பார்த்து ஒரு காலையில் மகாபலிபுரத்துப் படம் தானாக வந்து நிற்கும்.

பணம் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். 'அவசரத்துக்கு' என்று போன தொகை யூபிஐ-யில் போயிருந்தால் பேங்க் ஸ்டேட்மெண்டில் தேதியோடு இருக்கும், அதை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட, கொடுத்த தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம். அடகுக்குக் கொடுத்த நகை என்றால் ரசீது யார் பேரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் பேரில் இருந்தால் அவர் வந்து கையெழுத்துப் போடாமல் நகையை மீட்க முடியாது, வட்டி ஏறி ஏலத்துக்குப் போகும் தேதி அவருக்குத்தான் தெரியும். கேட்பதைச் சண்டைக்கு நடுவே கேட்காமல், தனியாக ஒரு மெசேஜில் தொகை, தேதி, திருப்பித் தர வேண்டிய நாள் மூன்றை மட்டும் எழுதிக் கேளுங்கள். காதலும் கணக்கும் ஒரே மெசேஜில் வந்தால் இரண்டுக்கும் பதில் வராது.

அந்தரங்கப் படங்கள் அவரிடம் இருக்கின்றன என்ற பயம் இருந்தால் அதையும் முன்னாலேயே கவனிக்கலாம். படத்தை எங்கேயும் அனுப்பாமல் உங்கள் ஃபோனிலேயே அதற்கொரு டிஜிட்டல் அடையாளத்தை உருவாக்கி, இணைந்திருக்கும் சமூக ஊடகங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்கும் ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவச வசதி இருக்கிறது, பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு. மிரட்டல் வந்துவிட்டால் கெஞ்சிப் பதில் எழுதுவதோ பணம் கொடுப்பதோ கூடாது. மெசேஜை நம்பரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். படத்தை வெளியிட்டாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகள் இருக்கின்றன.

எத்தனை மாதம் கழித்து அடுத்தவரைப் பார்க்கலாம்? இத்தனை மாதம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. நடந்ததை ஐந்து வாக்கியத்தில், அழாமலும் திட்டாமலும் சொல்ல வருகிறதா? அவர் ஸ்டேட்டஸைத் தேடாமல் ஒரு வாரம் போனதா? யாரையாவது சந்திக்கலாம் என்று தோன்றும்போது, "இது அவருக்குத் தெரியணும்" என்ற எண்ணம் கூடவே வருகிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் இன்னும் நேரம் வரவில்லை. அவருக்குக் காட்டுவதற்காகத் தொடங்குகிற உறவில் புதிதாக வருபவர் வெறும் கருவி, இரண்டே மாதத்தில் அது அந்தப் புதியவருக்கே தெரிந்துவிடும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதைக் காதல் தோல்வி என்று மட்டும் நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இந்தக் கட்டத்தில் அநேகம் பேர் விழுகிற குழி இன்னொன்று உண்டு, முதல் காதலருக்கு நேர் எதிரான ஆளைத் தேடுவது. அவர் வாய் ஓயாமல் பேசினார் என்றால் பேசாதவர், அவர் கலகலப்பு என்றால் இறுக்கமானவர். இப்படித் தேர்ந்தெடுத்தாலும் தேர்வு செய்வது பழைய ஆள்தான். தேடும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: அவரோடு இருந்தபோது உண்மையிலேயே நன்றாக இருந்தது என்ன, ஒத்துவராமல் போனது எது, இரண்டிலும் அவருடைய குணம் எவ்வளவு, சூழ்நிலை எவ்வளவு. நன்றாக இருந்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிரிக்க வைக்கிறவர் வேண்டும் என்றால் அடுத்தவரும் சிரிக்க வைக்கிறவராக இருக்கட்டுமே.

எங்கே சந்திப்பது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மேட்ரிமோனி தளங்களில் மறுமணப் பிரிவு, சமூக சங்கங்கள் நடத்தும் மறுமண சுயம்வரங்கள், நண்பர்களின் நண்பர்கள், நடைப்பயிற்சிக் குழு, வேலை செய்யும் இடம். புரொஃபைலில் "நல்ல மனம் வேண்டும்" என்று எழுதினால் ஊரே விண்ணப்பிக்கும். "மகள் பத்தாவது படிக்கிறாள், என்னோடு இருக்கிறாள், இன்னும் மூன்று வருடத்துக்குக் கோவையை விட்டு வர இயலாது" என்று எழுதினால் பத்துப் பேர்தான் வருவார்கள். அந்தப் பத்தில் தேடுவது எளிது. உடைந்த மனதோடு இருப்பவர்களைக் குறிவைத்தே ஏமாற்றுகிற கூட்டமும் இந்தத் தளங்களில் திரிகிறது. வெளிநாட்டு டாக்டர், கப்பல் இன்ஜினியர், பரிசுப் பார்சல் கஸ்டம்ஸில் மாட்டியது என்று கதை போகும். விதி ஒன்றே ஒன்றுதான்: நேரில் பார்க்காத எவருக்கும் நூறு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. வீடியோ காலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பவரை விட்டுவிடலாம்.

முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள ஹோட்டலில், ஒரு காபி குடிக்கும் நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். சொந்த வண்டியிலோ பஸ்ஸிலோ போய்வர வேண்டும், அக்காவுக்கோ நண்பருக்கோ இடம் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கே எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பழகும் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் காதல் திரும்பியபோது ராத்திரி நாலு மணி நேரம் ஃபோன் பேச்சு சாதாரணமாக இருந்திருக்கும். பழக்கம் விடாது, புதியவரோடும் அதையே செய்யத் தோன்றும். ராத்திரிப் பேச்சில் குரல் மட்டும் இருக்கிறது, முகம் இல்லை, வேலை இல்லை, கூட்ட நெரிசல் இல்லை. மிச்சத்தைக் கற்பனை நிரப்பிக்கொள்கிறது. கற்பனை நிரப்பிய ஆளோடு ஒரு தடவை அடிபட்டாயிற்று. ஆகவே ஃபோனை அரை மணி நேரத்தோடு நிறுத்தி, பத்தரைக்கு மேல் பேசாமல், அந்த நேரத்தைச் சந்திப்புகளுக்கு மாற்றுவது நல்லது. சந்திப்பும் ஒரே மாதிரி ஹோட்டலில் வேண்டாம். காய்கறிச் சந்தை, ரயில் பயணம், ஆஸ்பத்திரி வரிசை, அவருடைய பத்து வருட நண்பர் ஒருவரோடு சாப்பாடு. களைத்துப் போன நாளில் அவர் எப்படி இருக்கிறார், ஆட்டோக்காரரிடமும் சர்வரிடமும் எப்படிப் பேசுகிறார் என்பது இங்கேதான் தெரியும். ஒரு சின்ன விஷயத்தில் 'முடியாது' என்று சொல்லியும் பார்க்க வேண்டும். "இந்த ஞாயிறு வரலீங்க, வீட்ல படுத்துத் தூங்கப் போறேன்." அதற்கு "சரி, தூங்குங்க" என்று வருகிறதா, மூன்று நாள் மௌனம் வருகிறதா என்பதில் பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

முன்னே விட்ட கேள்விகளையும் இப்போது கேட்டுவிட வேண்டும். மாதாமாதம் எவ்வளவு ஈஎம்ஐ போகிறது, ஜீவனாம்சம் கொடுக்கிறாரா வாங்குகிறாரா, பெற்றோர் யார் பொறுப்பில், குடிப் பழக்கம் எந்த அளவு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஓய்வு பெற்றபின் எந்த ஊர். ஒரே நாளில் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். உங்கள் பதிலை முதலில் சொல்லிவிட்டு, "உங்களுக்கு?" என்று கேட்டால் இயல்பாக இருக்கும். "போன வாழ்க்கையில உங்க பக்கத்துத் தப்புன்னு எதை நினைக்கறீங்க?" என்ற கேள்வி கடைசியில் வரலாம். "என் மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்று பட்டென்று சொல்பவரிடம் அடுத்த சந்திப்பை யோசித்து வையுங்கள்.

விவாகரத்து ஆகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் தீர்ப்பாணையின் நகலைப் பார்க்காமல் மனதைக் கொடுக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியதை வைத்துக்கொண்டு "டிவோர்ஸ் ஆயிடுச்சு" என்று மனதார நம்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நிரூபித்தால் ஒழிய இந்து திருமணச் சட்டத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. வழக்கு நடந்திருந்தால் ஈகோர்ட்ஸ் செயலியில் சிஎன்ஆர் எனப்படும் பதினாறு எழுத்து எண்ணைப் போட்டோ, நீதிமன்றத்தையும் வருடத்தையும் தேர்ந்து பெயரைப் போட்டோ நிலவரத்தைத் தேடலாம். எதிர்த்தரப்பு வராமலேயே கொடுத்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் வக்கீலிடம் காட்டுவது அவசியம். சம்மனே வரவில்லை என்று சொல்லி அதை ரத்து செய்யக் கேட்க எதிர்த்தரப்புக்கு வழி உண்டு. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இந்தச் சிக்கல் இல்லை, அதில் மேல்முறையீடே கிடையாது. போராடி வாங்கிய தீர்ப்பில் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் செய்யக் கூடாது, 90 நாள் விட்டுச் செய்வது பாதுகாப்பு. முந்தைய துணை உயிரோடிருக்க, விவாகரத்தும் ஆகாமல் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் ஏழு வருடம்வரை சிறை, அதை மறைத்துச் செய்தால் பத்து வருடம்வரை. கல்யாணத்துக்கு வெளியேயான உறவைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018-ல் சுப்ரீம் கோர்ட் நீக்கிவிட்டதால் எல்லாம் சரி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது குற்றம் என்பதுதான் போனது. விவாகரத்துக்குக் காரணமாக அது இன்னமும் இருக்கிறது.

முதல் காதல் திரும்பி வந்த கதையைப் புதியவரிடம் எப்போது சொல்வது? முதல் நாளே கொட்டினால் அவர் ஆறுதல் சொல்லும் ஆளாகிவிடுவார். நிச்சயத்துக்குப் பிறகு சொன்னால் மறைத்ததாகிவிடும். மூன்றாவது நாலாவது சந்திப்பு, எப்படியும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச்சில் நுழையும் முன். இப்படிச் சொன்னால் போதும்:

"காலேஜ்ல ஒருத்தரை விரும்பினேங்க, வீட்ல ஒத்துக்கல. டிவோர்ஸுக்கு அப்புறம் அவரோட மறுபடி பழகினேன், ஒரு வருஷத்துக்கு மேல. சரிவரல. இப்போ பேச்சு கிடையாது, குரூப்லருந்தும் வெளிய வந்துட்டேன். பணம் காசு பாக்கி எதுவும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்."

யார், எப்போது, எவ்வளவு காலம், இப்போது தொடர்பு உண்டா, பாக்கி ஏதும் உண்டா என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன. பெயர், சாட், எங்கெங்கே போனோம் என்பதெல்லாம் வேண்டாம். கேட்டாலும் "அது அவரோட விஷயமும்தாங்க" என்று நிறுத்தலாம். பாக்கி உண்மையிலேயே இருந்தால், அவர் அதே ஆபீஸில் வேலை செய்கிறார், கடன் வர வேண்டியிருக்கிறது, படம் பற்றிய பயம் இருக்கிறது என்றால் அதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். எதிரில் இருப்பவர் கேட்கக்கூடிய ஒரே நேர்க் கேள்வி: "இப்போ அவர் கூப்பிட்டா என்ன செய்வீங்க?" இதற்கு "கூப்பிடவே மாட்டார்" என்பது பதிலாகாது. "எடுக்க மாட்டேன். எடுக்க வேண்டி வந்தா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எடுப்பேன்" என்பது பதில்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூடத் தடுமாறுவது, 'சப்பென்று இருக்கே' என்ற இடத்தில். புதியவர் நல்லவர், பொறுப்பானவர், பேசினால் பிடிக்கிறது, ஆனால் அந்தப் படபடப்பு இல்லை. ஃபோன் அடித்தால் வயிற்றைப் பிசையவில்லை. இது காதல்தானா? பதின்ம வயதிலிருந்து இருபதுகளின் நடுவரை நடந்தவைதான் வாழ்நாள் முழுக்க அதிகமாகவும் தெளிவாகவும் நினைவில் நிற்கின்றன என்பது உளவியலில் நிலைபெற்ற விஷயம். முதல் காதல் அந்த வயதில் பதிந்தது. அதன்மேல் இருபது வருடக் கற்பனையும் சேர்ந்துகொண்டது. எந்தப் புதியவரும் அதோடு போட்டி போட முடியாது, போட்டி போடச் சொல்வதும் அநியாயம். இன்னொன்று, ரகசிய உறவில் வருகிற படபடப்பில் பெரும்பகுதி பயம். பதில் வருமா வராதா, மாட்டிக்கொள்வோமா, விட்டுப் போய்விடுவாரா என்பதெல்லாம் உடம்புக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பயமில்லாத உறவு ஆரம்பத்தில் ருசியில்லாததாகத் தோன்றுவது அதனால்தான்.

அதற்காக எல்லாச் சப்பென்றிருப்பதையும் நிதானம் என்று சொல்லிச் சகித்துக்கொள்ளவும் வேண்டாம். பிரித்தறிய வழி இருக்கிறது. பகலில் நடந்த ஒரு அற்ப விஷயத்தை, பக்கத்து வீட்டுப் பூனை மாடியில் குட்டி போட்டதை, அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதா? பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு தளர்கிறதா, ஒதுங்குகிறதா? அவர் கை பட்டால் பிடிக்கிறதா? ஏழெட்டுச் சந்திப்புக்குப் பிறகும் மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நன்றி சொல்லி விலகுவதே மரியாதை. நன்றிக்காகவும் வயதாகிறதே என்ற பயத்துக்காகவும் செய்துகொள்ளும் கல்யாணம் இன்னொரு முறிவுக்கு முன்பதிவு.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லலாம். முதல் காதலரை அவர்கள் ஏற்கனவே 'அங்கிள்' என்றோ 'ஆன்ட்டி' என்றோ பழகியிருந்தால், அந்த ஆள் திடீரென்று காணாமல் போனதும் அவர்களுக்கு ஓர் இழப்பு. அதைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். முதலில் அந்தப் பேச்சு நடக்கட்டும். புதியவரை, நீங்கள் இருவரும் முடிவுக்கு அருகில் வந்த பிறகு, வீட்டில் வேண்டாம், பீச்சிலோ பார்க்கிலோ ஒரு மணி நேரம் காட்டினால் போதும். "அப்பான்னு கூப்பிடு" என்பதெல்லாம் கூடவே கூடாது. பதின்ம வயது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். புதியவர் அதைப் பொறுத்துக்கொள்ளும் விதத்தைக் கவனியுங்கள்.

கல்யாணம் என்று முடிவானால், மண்டபம் எடுக்கக் கூசுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. இரு தரப்பும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னால் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் செல்லும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், 2009-ஆம் வருடச் சட்டப்படி அது கட்டாயம். வேறு வேறு மதம் என்றால் 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் தங்கியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து, மேலும் 30 நாள் காத்திருந்து, நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். நோட்டீஸ் ஆபீஸ் பலகையில் ஒட்டப்படும். ஆகவே வீட்டுக்கு அதற்கு முன்பே சொல்லிவிடுவது உத்தமம். பிஎஃப்-பில் பழைய நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும், புதிதாகக் கொடுக்க வேண்டும். கணவரை இழந்த பெண் என்றால் குடும்ப ஓய்வூதியம் என்னாகும் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். முதல் கணவர் வழியில் ஏற்கனவே கிடைத்துவிட்ட சொத்துப் பங்கு மறுமணத்தால் பறிபோகும் என்று புகுந்த வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசின் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தில் பணத்தோடு எட்டு கிராம் தங்க நாணயமும் உண்டு, வயது வரம்பு இருப்பதால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சேதி வெளியே தெரிந்த ஒன்றிரண்டு வாரத்தில் பழைய நம்பரிலிருந்தோ புது நம்பரிலிருந்தோ ஒரு மெசேஜ் வருவது பலருக்கும் நடக்கிறது. "கேள்விப்பட்டேன். சந்தோஷம். நல்லா இருக்கணும்." அடுத்த வரி பத்து நிமிடம் கழித்து வரும்: "ஒரே ஒரு தடவை பேசலாமா?" முதல் வரிக்குப் பதில் எழுதினால் இரண்டாம் வரிக்கும் எழுத வேண்டி வரும் என்பதால் இரண்டுக்கும் எழுதாமல் விடலாம். எழுதியே ஆக வேண்டும் என்றிருந்தால் "நன்றி. இனி பேச வேண்டாம்" என்பதோடு நிறுத்த வேண்டும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அன்று சாயங்காலமே ஃபோனை வரப்போகிற துணையிடம் நீட்டி, "இது வந்துச்சு, இதுக்கு இதான் பதில்" என்று காட்டிவிடுங்கள். அடுத்த நாள் காட்டினால் ஏன் ஒரு ராத்திரி வைத்திருந்தாய் என்ற கேள்வி வரும். வருவதும் நியாயம்.